தலைப்பாகைப் பெட்டி

மண்டி மொஹல்லாப் பேட்டையில் உள்ள மடத்துச் சுவடிச்சாலையில், ஜன்னல் வழியே நுழையும் மாலை வெயில் ஓர் ஓலைச்சுவடியின் மேல் சாய்ந்து விழுகிறது. எண்ணெயும் கரியும் தடவிய எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. அவை எந்த மொழி என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே அலமாரிகள் மொழிவாரியானவை. மொழி தெரியாத சுவடிக்கு இடமில்லை. நாளை ஆடிப்பெருக்கன்று, செல்லரித்த ஓலைகளோடு அதையும் காவிரியில் விட்டுவிடுவார்கள்.

"சமணர் மறைச்செழுதின வைத்தியம், ஓய். கன்னட அலமாரியிலே வெச்சுடலாம்" என்கிறார் மடத்து மேலாளர் சம்பத்குமாரன்.

"நேத்து சோழப் படையாள் எழுதினதுன்னீரே?" என்று சீறுகிறார் சுவடிகளை இனம் பிரிக்கும் பண்டிதர் திருநாராயணன்.

"அது நேத்து! எதையாவது ஒத்துண்டு பதிவேட்டுலே கையெழுத்துப் போடும், ஓலை பிழைக்கும்."

"தெரியாததைத் தெரியும்னு எழுத இந்தக் கை வராது."

அவர் தம் மரப்பெட்டியைத் திறந்து, அரண்மனைத் தசரா தர்பாருக்கென்று பொத்திவைத்த சரிகைத் தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறார். காலியான பெட்டியில் சுவடியைக் கிடத்துகிறார். 'மொழி தெரியவில்லை' என்று ஒரு சீட்டெழுதி அதன்மேல் வைத்துப் பூட்டுகிறார்.

"அகத்துக்குப் போறச்சே தர்பார் தலைப்பாகை எதுக்கு ஓய்?" என்று சிரிக்கிறார் சம்பத்குமாரன்.

"அது இருந்த இடத்துலே இப்போ சுவடி இருக்கு, ஸ்வாமி."

பெட்டியை அங்கேயே விட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சரிகை மின்ன, அவர் கடைத்தெருக் கூட்டத்துக்குள் இறங்கி நடக்கிறார்.