பெட்டிக்குள் போன கண்ணாடி

பெட்டிக்கு சீல் வைத்து, முதல் ஓட்டும் விழுந்த பிறகுதான் சகாயராணி டீச்சருக்குத் தன் கண்ணாடி எங்கே என்று தெரிந்தது.

வாக்குப்பெட்டிக்குள்ளே.

பூத் அதிகாரியாகக் காலிப் பெட்டியை வேட்பாளர்களின் ஏஜென்டுகளுக்குக் காட்டியபோது, வேர்வை துடைக்கக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தார். மூடியைச் சாத்தக் குனிந்தபோது நழுவியிருக்க வேண்டும்.

"டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுங்க. மூடி சத்தம்னு உட்டுட்டேன்" என்றார் ஏஜென்ட் முனியப்பன், சாவகாசமாக.

"அப்பவே சொல்லக் கூடாதுங்களா?"

"உங்க கண்ணாடின்னு நான் என்னத்த கண்டேனுங்க?"

சீலை உடைத்தால் தேர்தல் செல்லாது. உடைக்காவிட்டால் எழுத்து தெரியாது. சித்தேரி மலைமேல் கண்ணாடிக் கடைக்கு எங்கே போவது?

உடன் வந்த அலுவலர் காவேரி பட்டியலைப் படித்துச் சொல்ல, டீச்சர் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துச் சமாளித்தார். நடந்ததை ஒளிக்காமல் பூத் டைரியில் கோணல்மாணலாக எழுதினார். ஏஜென்டுகளும் அதன்கீழ் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்குள் சேதி வெளியே வரிசைக்குப் போய்விட்டது.

"டீச்சரம்மாவுக்கு முன்னாடி அவுங்க கண்ணாடி ஓட்டுப் போட்டுருச்சாம்" என்று நஞ்சம்மாள் எடுத்துவிட, மொத்த வரிசையும் சிரித்தது.

சகாயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினெட்டு வருடம் காத்திருந்து, அடுத்த மாதம் தலைமையாசிரியராகப் பதவி உயர்வு. இந்த நேரத்தில் ஒரு மெமோ வந்தால் எல்லாம் போச்சு.

மெமோவுக்குப் பேர் போன மனிதர்தான் இந்த உள்ளாட்சித் தேர்தலுக்கு மாவட்டப் பார்வையாளர். பூவராகன் ஐ.ஏ.எஸ். சப் கலெக்டர், கலெக்டர், கோட்டையில் செயலாளர் என்று முப்பத்து மூன்று வருடம். யாருக்கும் வளையாததால் போன ஊரிலெல்லாம் பால்காரர் முகம் பழகுமுன் மாறுதல் உத்தரவு வந்துவிடும். ஓய்வுக்கு ஐந்து மாதம் இருக்கிறது. கறார் மட்டும் குறையவில்லை. இன்று காலை கூட, மலைக்குக் கீழே ஒரு பூத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அங்கேயே மெமோ.

பயிற்சி வகுப்பில் அவர் சொன்னது டீச்சர் காதில் இப்போது கணீரென்று ஒலித்தது.

"மலைக்குப் போறவங்க எதையும் ரெண்டா வெச்சுக்குங்க. ஒண்ணுதான் இருக்குன்னா, ஒண்ணுமே இல்லைன்னு அர்த்தம்."

டீச்சர் பேனா நாலு கொண்டு வந்திருந்தார்.

"அப்சர்வர் ஜீப்பு வருதுங்க மேடம்!" என்று வாசலில் நின்ற போலீஸ்காரர் குரல் கொடுத்தார்.

டீச்சர் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டார்.

பூவராகன் நேராக உள்ளே வரவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டே மெதுவாக நடந்து வந்தார். உள்ளே வந்ததும் பெட்டியைப் பார்த்தார், சீலைப் பார்த்தார், தாளைத் தள்ளிப் பிடித்திருந்த டீச்சரைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கம்மா?"

"சார்... அது வந்துங்க..."

"மறந்துட்டு வந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க சார், காலையில..."

"வரிசை நிக்குது. கதை அப்புறம்." தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "படிக்கிற கண்ணாடிதான். போட்டுப் பாருங்க."

போட்டார். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கண் கலங்கி மறுபடியும் மங்கியது.

ஆனாலும் தப்பை மறைக்க அவருக்கு மனசு வரவில்லை. டைரியை எடுத்து நீட்டினார்.

"சார், நடந்ததை இதுல எழுதியிருக்கேங்க. நீங்க அவசியம் படிக்கணும்."

பூவராகன் டைரியை வாங்கினார். கிட்டே வைத்துப் பார்த்தார். எட்ட வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"என் கண்ணு உங்க மூக்கு மேல இருக்கு. நான் என்னத்தம்மா படிக்கிறது? எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க."

டீச்சர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆறு மணி வரைக்கும் கண்ணாடி உங்ககிட்டயே இருக்கட்டும். பொட்டி வாங்க வர்றவங்ககிட்ட குடுத்தனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே, மனசுக்குள் ஒரு சின்ன இளக்காரமும் வந்தது. அத்தனை பேரைக் கிழி கிழியென்று கிழிக்கிற மனிதர், ஒரு வரி கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாரே. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது.

"தப்பிச்சீங்க டீச்சரம்மா" என்று முனியப்பன் சிரித்தார்.

ஜீப் ஜன்னலை ஒட்டித்தான் நின்றிருந்தது. தூரத்துப் பார்வைக்கு டீச்சருக்குக் கண்ணாடி தேவையில்லை. கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார்.

பூவராகன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தன் பையைத் திறந்தார். உள்ளேயிருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்த உதவியாளரிடம் சொன்னார்.

"கலைவாணன், ஓட்டு எண்ணுற இடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுங்க. இந்த பூத்துப் பொட்டியை மட்டும் தலைகீழாக் கவுத்துக் கொட்ட வேண்டாம். உள்ள டீச்சரோட கண்ணாடி இருக்கு."