ஏறாத பேட்டரி

மேரி வீட்டுக் கூரையிலுள்ள சோலார் தகட்டில் பதினொரு மணி வெயில் பளபளக்கிறது. ஆனாலும் மூன்று நாளாகப் பேட்டரி ஏறவில்லை. மகள் சோபியாவுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது. வீட்டில் வேறு விளக்கில்லை. உத்திரமேரூரிலிருந்து வந்த ரேடியோ மெக்கானிக் சிராஜுதீன் வாசலில் குந்தி, ஒயர் முனைகளைச் சுரண்டித் துடைத்துவிட்டு மீட்டரைப் பார்க்கிறார். முள் எழவில்லை. ஏணியில் நிற்கும் மேரி, தகட்டின் குறுக்கே விழுந்திருக்கும் விரல் பருமன் நிழலைக் கவனித்து, தாழ்ந்த முருங்கைக் கிளையைக் கையால் ஒதுக்குகிறாள். முள் துள்ளி ஏறுகிறது. "இன்னாம்மா பண்ணே?" என்கிறார் அவர். "கெளயத் தள்ளினேன் பாய்." "வுடு." விடுகிறாள்; முள் படுத்துக்கொள்கிறது. "இத்தினூண்டு நெயலா?" அவர் எழுந்து அண்ணாந்து பார்க்கிறார். சோபியா வயிற்றைப் பிடித்தபடி வந்து அரிவாளை நீட்டுகிறாள். சிராஜுதீன் அதை வாங்கவில்லை. "இரும்மா," என்று மறுபடி மீட்டர் முன் குந்துகிறார். "மேரி, இன்னொரு தபா தள்ளு."