ஈக்கு வைத்த பெயர்

“டைரக்டர் பேரை வையிடே,” என்றார் தேவபிரசாதம் சார். “ஒரு ஈக்குத்தானே.”

முடியாது என்றேன்.

அவர் எங்கள் அலுவலகத் தலைவர்; டைரக்டர் மதராசில் அவருக்கும் மேலே. தூத்துக்குடிக் கடலடியில் முத்துச் சிப்பி விளையும் பார்களைக் கண்காணிக்கும் அலுவலகம். யுத்தம் முடிந்தும் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. மாதிரிக்கு வரும் சிப்பிகளைத் திறந்து, அளந்து, தூரப் போடுவதுதான் வேலை. அந்த வாடைக்கு ஜன்னல் முழுக்க ஈ மொய்க்கும். உயிரோடு இருப்பதை விரட்ட முடியவில்லை, செத்த ஈக்கு மைக்ராஸ்கோப் வைத்துப் பார்க்கிறான் என்று கிளார்க் மரியான் திரேஸ்புரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

செத்த ஈ ஓர் அம்பர் மணிக்குள் இருந்தது.

மரத்திலிருந்து வழிந்த பிசின் மண்ணுக்குள் இறுகிக் கல்லானது அம்பர். வழியும்போது ஈ அதில் கால் வைத்திருக்கிறது. எத்தனை கோடி வருஷம் முன்பு என்று யாருக்கும் உறுதியில்லை.

பர்மா அம்பர். என் மனைவியின் மாலையில் கோத்திருந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தபோது அந்த மாலையோடு கப்பலேறி வந்தவள் அவள். மணிக்குள் தெரிவது அழுக்கு என்றுதான் நினைத்திருந்தாள்.

அவள் இறந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்களிடம் என்ன பேசினேன் என்று நினைவில்லை. ஈயின் இறக்கை நரம்புகள் நினைவில் இருக்கின்றன.

மூன்றாவது நரம்பு ஓரத்தைத் தொடாமல் பாதியில் நின்றுவிடுகிறது. இதுவரை விவரிக்கப்பட்ட எந்த ஈயிலும் அப்படி இல்லை. பின்னங்காலின் முட்களை வரைந்தேன். உணர்கொம்பின் கணுக்களை வரைந்தேன். மதராசிலிருந்து புத்தகங்களை வரவழைத்து ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டேன்.

புதிய இனம்.

புதிய இனத்துக்கு அதை விவரிப்பவன்தான் பெயர் வைக்க வேண்டும். அச்சேறிவிட்டால் அந்தப் பெயரை எந்தக் கமிட்டியாலும் இல்லையென்று ஆக்க முடியாது.

ஆனால் நான் எழுதிய கட்டுரை கல்கத்தா விஞ்ஞானப் பத்திரிகைக்குப் போக தேவபிரசாதம் சார் கையெழுத்து வேண்டும். மைக்ராஸ்கோப் அலுவலகத்தினுடையது, நேரமும் அலுவலகத்தினுடையது என்றார். டைரக்டர் பெயரை வைத்தால் மதராசுக்கு மாற்றல் கிடைக்கும் என்றார். இல்லையென்றால் ஆயுசு முழுக்க வெயிலில் சங்கு எண்ணிக்கொண்டு கிட என்றார்.

சங்கு எண்ணுகிறேன் என்றேன்.

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். நான் எழுதியிருந்த பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“ஜெபகனி. இது யாருடே?”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

என் மனைவியை ஊரில் எல்லாரும் கிருபை என்றுதான் அறிவார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். அவள் ஞானஸ்நானம் பெற்றது ரங்கூனில். இங்கே அதைக் கண்டவர் யாரும் இல்லை.

அவர் முகம் இளகியது. அவர் எங்கள் சபையின் மூப்பரும்கூட. அவளை அடக்கம் செய்தபோது என் பக்கத்தில் நின்று பாடினார்.

“கிருபையோட ஞானஸ்நானப் பேராக்கும். முதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்குடே மறிக்கப் போறேன்?”

ஆம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை வாசித்தார். இந்த முறை சிரித்தார். பிழை கண்டுபிடித்துவிட்டார்.

விஞ்ஞானப் பெயரை லத்தீன் முறையில் முடிக்க வேண்டும். ஆணின் நினைவாக வைத்தால் கடைசியில் ஐ என்ற ஆங்கில எழுத்து. பெண்ணின் நினைவாக என்றால் ஏ, ஈ என்ற இரண்டு எழுத்துகள். நான் ஐ போட்டிருந்தேன்.

சிவப்பு மையால் அதை அடித்தார். மேலே இரண்டு எழுத்துகளை எழுதினார்.

“இதுகூடத் தெரியாமத்தான் காலேஜ் படிச்சியாக்கும். பொம்பளைப் பேருல்லாடே.”

அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினேன்.

அவர் எழுதிய இரண்டையும் அடித்தேன். பக்கத்தில் மறுபடி ஐ என்று எழுதினேன். நிப்பு தாளைக் கீறியது.

“ஆம்பளைப் பிள்ளை, சார்.”

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

கிருபை கல்லறைத் தோட்டத்துக்குள் கிடக்கிறாள். அவள் பெற்று, போதகர் வந்து சேர்வதற்குள் மூச்சடங்கிப் போனவனையும் அவள் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிக் கேட்டேன். மூப்பர் சம்மதிக்கவில்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு ஆராதனையும் கிடையாது, பெயரும் கிடையாது என்றார். மதிலுக்கு வெளியே, உடைமரத்துக்குக் கீழே, குழி வெட்டுகிறவனுக்குக் குடையை நீட்டி இடம் காட்டினார்.

இப்போது அந்தக் கையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குரல் இறங்கிவிட்டது.

“அந்தப் பிள்ளைக்குப் பேரு வைக்கலையேடே.”

தாளின் அடியில் அவர் கையெழுத்து காய்ந்திருந்தது. மடித்து உறையில் போட்டு ஒட்டினேன்.

“வச்சாச்சு, சார்.”