மஞ்சள் சுவர் வேண்டாம்

"இந்தச் சுவர் வேணாங்க," என்றாள் மேனகா.

புதுச்சேரி துய்மா வீதியின் அந்த மஞ்சள் சுவரைப் பார்த்து ஒரு கல்யாணப் பெண் வேண்டாம் என்பாளா? மேலே காகிதப்பூ வேறு கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இனியவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணத்துக்கு இன்னும் மூன்றே வாரம். அதற்கு முன் ஜோடியாகப் படம் எடுக்க இடம் பார்க்கத்தான், விழுப்புரத்திலிருந்து வந்த போட்டோகிராபர் பலராமனோடு காலையிலேயே கிளம்பியிருந்தார்கள்.

ஏன் வேண்டாம் என்று பலராமன் கேட்டான்.

"ஏழரை வரைக்கும் எதிர்வீட்டு நிழல் விழும். அப்புறம் வெயில் நேரா மூஞ்சில அடிக்கும். கண்ணயே தொறக்க முடியாது."

பலராமன் அசந்துபோய், மேடத்துக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே என்றான். இனியவனுக்குச் சுருக்கென்றது. மேனகா கருவடிக்குப்பத்துப் பெண். டைல்ஸ் கடையில் பில் போடுகிறாள். இந்த வீதியில் எத்தனை மணிக்கு எங்கே நிழல் விழும் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்?

கடற்கரைச் சாலைக்குப் போனார்கள். பாறைமேல் உட்காரவைத்து எடுக்கலாம் என்றான் பலராமன். அதற்கும் தலையாட்டிவிட்டாள். புடவையோடு அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம், யாராவது கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டுமாம்.

உன்னை யார் தூக்கிவிட்டார்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. இனியவன் விழுங்கிக்கொண்டான்.

சுண்ணாம்பாற்றில்தான் வினை முற்றியது. படகுத்துறைக்கு வெளியே இளநீர் விற்றுக்கொண்டிருந்த வீராயி, மேனகாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"இன்னா பாப்பா, ஆளையே காணோம்? முன்னல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா வந்துருவியே."

மேனகா சிரித்தபடி அவள் பேரனின் காதுகுத்தைப் பற்றி விசாரித்தாள். பேரன் இருப்பதுவரை தெரிந்திருக்கிறது! இனியவன் தன் இளநீரைப் பாதியிலேயே கீழே வைத்தான். ஞாயிறு தவறாமல் ஒரு பெண் படகுத்துறைக்குத் தனியாகவா வருவாள்?

இங்கேயும் வேண்டாம், தேங்காய்த்திட்டு மீன் துறைமுகம் போகலாம் என்றாள். அங்கே கலர் கலராகப் படகு நிற்கும், ஜோடிகள் யாரும் வரமாட்டார்கள் என்றாள்.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். யாரும் வராத இடம் என்றதையும் இனியவன் வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டான். பைக் ஓட்டிப் போகும் வழியெல்லாம் முகம் தெரியாத ஒருவன் அவன் மனதில் மேனகாவோடு நடந்தான், பாறையிலிருந்து கைகொடுத்துத் தூக்கினான், ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடித்தான். அவனைப் பிடித்து நாலு அறை விடவேண்டும்போல இருந்தது. இவளிடம் சரியான பதில் வராவிட்டால் அம்மாவிடம் சொல்லிக் கல்யாணத்தையே நிறுத்திவிடுவது என்று முடிவும் செய்துவிட்டான்.

இனியவனுக்கும் ஒரு பழைய கதை உண்டு. நான்கு வருடத்துக்கு முன் வேறொரு பெண்ணை நிச்சயம் செய்து, ஊரைச் சுற்றி இதேபோல் படமெல்லாம் எடுத்து, பத்திரிகை அடிக்கும் நேரத்தில் அந்தக் கல்யாணம் நின்றுபோனது. மேனகா வீட்டில் மூச்சு விடாதே என்றிருந்தாள் அம்மா. அவனும் விடவில்லை. அது வேறு, இது வேறு என்பது அவன் கணக்கு.

துறைமுகத்தில் ஏலச் சத்தம் காதைப் பிளந்தது. பலராமன் படகுகளைப் பார்க்கப் போனதும் இனியவன் பைக்கை விட்டு இறங்காமலே கேட்டான்.

"நேராவே கேக்கறேன். அங்கல்லாம் யாரோட வந்த?"

மேனகா அவனை ஒருமுறை பார்த்தாள். கோபப்படவில்லை.

"ஒருத்தர் ரெண்டு பேர் இல்லங்க. நாப்பது, அம்பது ஜோடி இருக்கும்."

காலேஜ் படிக்கும்போது ஒரு மேக்கப் அக்காவிடம் கையாளாகப் போய்க்கொண்டிருந்தாளாம். மணப்பெண்ணுக்குப் புடவை மடிப்பு எடுத்துவிடுவது, வியர்வை ஒற்றுவது, வெயிலுக்குக் குடை பிடிப்பது, பாறையில் உட்கார்ந்தவளைக் கைகொடுத்துத் தூக்கிவிடுவது, இதுதான் வேலை. பெண் பார்க்க வந்தபோது இப்போது என்ன சம்பளம் என்றுதான் கேட்டார்களாம், பழைய வேலையைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம்.

இனியவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகம் தெரியாதவன் கடலில் விழுந்து ஒழிந்தான். உயிர் வந்ததும் கூடவே மாப்பிள்ளை முறுக்கும் வந்துவிட்டது.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? கட்டிக்கப்போறவங்க ஒருத்தருக்கொருத்தர் எதையும் மறைக்கக் கூடாது மேனகா. எனக்கு அது புடிக்காது."

மேனகா பக்கத்தில் வந்து, பலராமன் காதில் விழாதபடி சொன்னாள்.

"அந்த அம்பது ஜோடியில நீங்களும் இருந்தீங்க. கொரோனா நேரம், நான் மாஸ்க் போட்டிருந்தேன். நீங்க என்னைப் பார்த்திருக்க மாட்டீங்க, அப்ப உங்களுக்கு நிச்சயம் பண்ணியிருந்தவங்களோட முந்தானையைப் புடிச்சிட்டு நின்னது நாந்தான். காலையிலேருந்து நான் வேணாம்னு சொன்னதெல்லாம் நீங்க அவங்களோட நின்ன எடம். திரும்பவும் அங்க நின்னு சிரிக்கச் சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல?"