ஒரு டாங்குக்கு எண்ணூறு

வேகமும் சிக்கனமும் ஒரே வாகனத்தில் குடியிருக்க முடியும் என்பதை உலகுக்கு நிரூபிக்கவே யுகேந்திரன் பிறவி எடுத்திருந்தான்.

அவனுடைய ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் காரை குலைகள் ஏற்றிய ஒரு செம்பனை லோரி முந்திக்கொண்டு போனது.

பக்கத்து இருக்கையில், ஏறக்குறைய ரோட்டோடு ரோடாக, அவன் மனைவி லோஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கோத்தா திங்கி வீட்டில் பனிக்குடம் உடைந்து அரை மணி நேரம் ஆகிறது. பிரசவத்துக்குப் பதிந்த ஆஸ்பத்திரி ஜொகூர் பாருவில்.

"அந்த ஸ்போர்ட் பட்டனை அமுக்குங்களேன்!"

"அது பெட்ரோல் குடிக்கும்லா."

மானப் பிரச்சினை. ஒரு டாங்க் பெட்ரோலில் எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவதாக அவள் அண்ணன் கமலநாதனிடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இருபத்து மூன்று பேர் சாட்சியாகச் சொல்லியிருந்தான். கமலநாதனின் பழைய மைவி காரை, கூரை போட்ட சைக்கிள் என்றும் சொல்லியிருந்தான்.

மீட்டர் 781.

பெட்ரோல் நிலையம் வந்தது. வலியில் பேச்சு வராமல் லோஷினி கையை நீட்டினாள்.

"இன்னும் பத்தொன்பதுதான் லோஷி. ஆஸ்பத்திரியும் அங்கதான், எண்ணூறும் அங்கதான்."

சொல்லிவிட்டு ஏசியையும் அடைத்தான். பெட்ரோல் நிலையம் சிறுத்துக்கொண்டே போவதை அவள் பக்கக் கண்ணாடியில் பார்த்தாள்.

797இல் கார் சத்தமில்லாமல் நின்றது. சத்தமில்லாமல் ஓடுவதுதான் அதன் பெருமை என்பதால், நின்றுவிட்டதை அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை.

பின்னால் வந்த இன்னொரு செம்பனை லோரி நின்றது. "செப்பாட், காக், செப்பாட்!" என்று, சீக்கிரம் ஏறச் சொல்லி மலாயில் பதறினார் டிரைவர். அன்று காலையிலிருந்து அவளுக்காக அவசரப்பட்ட முதல் ஆள் அவர்தான்.

தரையிலிருந்த இருக்கையிலிருந்து வானத்திலிருந்த இருக்கைக்கு அவளை ஏற்றினார்கள். இன்னோர் ஆளுக்கு அங்கே இடமில்லை.

பெண் குழந்தை.

குழந்தை வந்து ஒரு மணி நேரம் ஆகியும் அப்பன் வரவில்லை. வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ஆஸ்பத்திரி வளாகம், காரின் மீட்டர், 800. கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

லோஷினி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் இறங்கியபோது 797.

முதலில் வார்டுக்குள் வந்தது அண்ணன்தான். உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

"ரெண்டு லிட்டர் வாங்கிட்டுத்தான் ஓடினேன், தங்கச்சி. மாப்ள ஊத்த விடல."

மீதி மூன்று கிலோமீட்டரும் அந்தக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தது மைவி.