கீழ்வீட்டு டாலியா

குரோருட் பகுதியில் ஒரு மாதமாக மழையில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடத் தடை. மேல்வீட்டுக் கொன்ஸ்ரன்ரைனின் புல் கருகிப்போயிற்று. சரிவில் கீழ்வீட்டு அஜந்தாவின் டாலியாக்கள் மட்டும் சிவக்கப் பூத்து நின்றன.

"களவாத் தண்ணி விடுறியள், என்ன?" வேலிக்கு மேலால் கத்தினார் கொன்ஸ்ரன்ரைன்.

"ஒரு சொட்டும் விடேல்லை, அண்ணை."

"பொய்! நகரசபைக்கு அறிவிச்சிட்டன். தெருவிலை எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

மறுநாள் வந்த அதிகாரி அஜந்தாவின் ஈரமண்ணில் நிலத்தடிச் சத்தம் கேட்கும் கருவியை வைத்துக் காதுகொடுத்தார். கேட்டுக்கேட்டே சரிவில் ஏறி, கொன்ஸ்ரன்ரைனின் வாசலில் நின்றார்.

"நிலத்துக்குள் உங்கள் குழாய்தான் உடைந்திருக்கிறது. கீழ்வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டது நீங்கள்."

அதிகாரிக்குப் பின்னாலேயே அஜந்தாவும் ஏறி வந்திருந்தாள்.

"என்னைக் கள்ளியெண்டு எத்தினை பேருக்குச் சொன்னியளோ, அத்தினை வீட்டுக் கதவையும் இப்பவே போய்த் தட்டுங்கோ," என்றாள் அஜந்தா. "நானும் வாறன்."