கடைசி மாத்திரை

சூசையின் மனைவி பிலோமிக்குத் தொண்டைவலி நின்றுவிட்டது. டாக்டர் கொடுத்த ஆன்டிபயாடிக் அட்டையில் ஒரே ஒரு மாத்திரை மிச்சம். பக்கத்து வீட்டுப் பேச்சி, காய்ச்சலில் துவண்ட மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒனக்குத்தான் சரியாப்போச்சே மைனி. அதப் பாதி ஒடச்சு எம்புள்ளைக்குக் குடேன்."

அந்தத் தெருவில் மிச்ச மாத்திரையும் மிச்சக் குழம்பு மாதிரிதான்; கேட்டால் இல்லை என்று சொல்வதில்லை. கொடுத்துவிடுவாள் என்றுதான் சூசை நினைத்தான். பிலோமியோ பேச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். பேச்சியின் முகம் சுண்டிப்போனது.

"இது எனக்கு எழுதுனது, வலி நின்னாலும் முழுசா முடிக்கணும். பிள்ளைக்கு என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். வா, போவோம்."

குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

சூசை எழுந்துபோய் செருப்பை எடுத்து, தெருவே பார்க்க அவள் காலடியில் வைத்தான்.